எல்லைக்கல்லுக்கு அப்பால் நின்ற எஞ்சின்

அந்த எஞ்சின் கோணலாக இருந்தது. கொதிகலன் நடுவில் இல்லை. இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். வலப்பக்கத்தில் மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக நின்றன, வரிசையாக வைத்த தையல் மெஷின்களைப் போல. அவற்றின் அடியில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு எஞ்சினின் முன்னும் பின்னும் வரை நீண்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் பல்சக்கரத்தால் பிடித்திருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் சக்கரங்கள். வேலை முழுவதையும் ஒரு பக்கத்துக்கே கொடுத்துவிட்டு மறுபக்கம் ஓய்வெடுத்தது போலிருந்தது. முழங்கை நீளம்கூட இல்லாத மாதிரிப் பொம்மைதான் அது. ஜேர்மனியின் ஹார்ஸ் மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பட்டினத்தின் விளையாட்டுச் சாமான் கடையில், கண்ணாடிக்குப் பின்னால், பொம்மைகளுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளுக்கும் நடுவே நின்றது.

எண்பத்து மூன்று யூலைக் கலவரம் வரைக்கும் நான் கொழும்பில் ரயில்வேயில் படவரைஞனாக இருந்தவன். எனக்குத் தெரிந்த எஞ்சின்களுக்கெல்லாம் நடுவில் ஒரு கோடு போடலாம்; இந்தப் பக்கம் உள்ளது அந்தப் பக்கமும் இருக்கும். ஆகவே கடைக்காரர் பொம்மையைப் பிழையாகப் பொருத்திவிட்டார் என்று முதல்நாள் முடிவுசெய்தேன். இரண்டாம்நாள் அது சரியாகத்தான் பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. மூன்றாம்நாளிலிருந்து அதைப் பார்க்கவே போனேன்.

எண்பத்தாறு இலையுதிர்காலம். நாங்கள் அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டுக் காத்திருந்தவர்கள். வேலை செய்ய அனுமதியில்லை. பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. போக வேண்டுமென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் கொடுத்து, காரணம் எழுதி, காரணத்துக்கு அத்தாட்சி வைத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஹைமில், அந்த அகதிகள் விடுதியில், இந்த விஷயங்களுக்கெல்லாம் நான்தான் சட்டத்தரணி. எந்தப் பத்திரத்தை எந்த அறையில் கொடுப்பது, எந்த அதிகாரி கோப்பி குடித்த பிறகு மட்டும் மனிதராக இருப்பார், எந்தக் கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் பதில் எழுதக்கூடாது, எல்லாம் அறிவேன். எல்லையைத் தாண்டாதீர்கள் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்ததும் நான்தான்.

அந்த வகுப்பை அனுபவத்திலிருந்து எடுத்தேன். அதற்கு முந்திய வருடம் எசன் நகரில் ஒரு செத்தவீடு. பத்திரம் வந்துசேர்வதற்குள் பிரேதத்தை எடுத்துவிடுவார்கள் என்று பத்திரமில்லாமல் போனேன். ஹனோவரில் ரயில் மாறும்போது இரண்டு பொலிஸ்காரர் வந்து கையை நீட்டினார்கள். முதல்முறை என்பதால் தண்டப்பணத்தோடு போயிற்று. இரண்டாம்முறை தண்டம் இல்லை, குற்றம்; நீதிமன்றம், பதிவு, தேவைப்பட்டால் சிறை. இந்த இலையுதிர்காலத்திலோ, அடுத்த மாதமே என் அசூல் வழக்கின் விசாரணை. இரண்டும் வேறு வேறு வழக்குகள், ஒன்று மற்றதைப் பாதிக்காது என்று சட்டம் சொன்னது. ஆனால் இரண்டு கோப்புகளும் ஒரே அலுமாரியில் படுப்பவை. வழக்குத் தோற்றால் பிளேனில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொழும்பில் என் வீட்டு வாசலுக்கு யார் வந்தார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்பதை நீதிபதிக்குச் சொல்லத்தான் நான் ஒரு வருடமாக ஜேர்மன் வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

ஹனோவருக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. சீருடை எதைக் கண்டாலும், அது தபால்காரருடையதாக இருந்தாலும், கை தானாக உள்பையில் இருக்கும் அடையாளப் பத்திரத்துக்குப் போகும்.

என் அறையில் இருந்தவன் மன்னார்ப் பெடியன், கத்தோலிக்கன், வாய் ஓயாதவன்.

"அண்ணை, வெங்காயம் வாங்கப் போனனீங்களோ, உந்தக் கோச்சியைப் பார்க்கப் போனனீங்களோ?"

"ரெண்டுக்கும்தான்."

"கோச்சி நிண்டதோ?"

"நிண்டது."

"வெங்காயம்?"

மறந்துவிட்டேன். வெங்காயமில்லாத கறியைச் சாப்பிட்டுக்கொண்டே, "உந்த வயசிலை விளையாட்டுச் சாமான் கேட்டால் மாதா சிரிப்பா" என்றான்.

ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றார். அறுபதை நெருங்கிய வயது, ஆண்கள் போடும் சப்பாத்து, உடுப்பில் மரப்பிசின் மணம். அவர் பேசியது ஜேர்மன். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு நினைவில் அவர் எங்கள் தமிழில்தான் பேசுகிறார், அப்படியே எழுதுகிறேன்.

"இது ஏன் இப்பிடிக் கோணலா இருக்கெண்டு யோசிக்கிறியளோ?"

நான் விலகி மன்னிப்புக் கேட்டேன். அலுவலகத்துப் பெண் என்று நினைத்து, கை உள்பைக்குள் போய்விட்டது.

"கையை எடுங்கோ. நான் மரம் அரியிற ஆள்" என்றார். "அமெரிக்காவிலை மலைக்காடுகளிலை இதுதான் மரம் இறக்கினது. அங்கை தண்டவாளத்தை மண்ணிலை சும்மா போடுவினம். மரம் முடிஞ்சால் கழட்டி அடுத்த மலையிலை போடுவினம். ஒழுங்கான எஞ்சின் அதிலை ஓடேலாது, குப்புற விழும். இது வளைஞ்சு, நெளிஞ்சு, எல்லாச் சக்கரத்தாலையும் பிடிச்சு ஏறும்."

"வேகம்?"

"நடந்து வாற ஆள் முந்திப் போவார். சத்தத்தைக் கேட்டால் எக்ஸ்பிரஸ் எண்டு நினைப்பியள்."

பல்சக்கரத்தின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. சக்கரம் ஒருமுறை சுற்ற அந்தத் தண்டு பலமுறை சுற்ற வேண்டும். வேகத்தை விற்றுப் பலத்தை வாங்கும் ஏற்பாடு. பெரும் மூச்சு, பெரும் ஆரவாரம், கொஞ்சம் நகர்வு. எங்கள் அசூல் வழக்குகளைப் போல என்று நினைத்தேன், ஒரு வித்தியாசத்தோடு: இது மேலே போய்ச் சேரும்.

தன்னிடம் உண்மையான ஒன்று நிற்கிறது என்றார். அமெரிக்காவில் ஒரு மரக்கம்பனி மூடப்பட்டபோது வாங்கி, ஹம்பேர்க் துறைமுகம் வழியாகத் துண்டு துண்டாக இறக்கி, தன் மர ஆலையில் பொருத்தினாராம். அவருடைய கணவர் அதற்கு அவரை மன்னிக்காமலே செத்துப்போனார் என்று சொல்லிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

நான் நேரே நகரசபைக்குப் போனேன். கீழ்மாடி நடையில் பெரிய மாவட்ட வரைபடம் மாட்டியிருந்தது. மர ஆலை சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம். விரலை வைத்து இரண்டுமுறை பார்த்தேன். நிம்மதியாக ஹைமுக்குத் திரும்பினேன். ஆலை எங்கே முடிகிறது என்று பார்த்தேனே தவிர, தண்டவாளம் எங்கே முடிகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. ரயில்வேயில் வேலை செய்தவன் விடக்கூடாத தவறு அது.

ஞாயிறு காலை கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உண்மையான எஞ்சினுக்கு ஒரு வெப்பம் இருக்கிறது. மாதிரிக்கு அது இல்லை. வாசலிலேயே முகத்தில் பட்டது. கறுப்பு உடம்பு மெல்ல மெல்லச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயும் நிலக்கரியும் பழைய நீராவியும் கலந்த அந்த மணம் எனக்குக் கொழும்பின் மணம். நான் வலப்பக்கத் தண்டை முழுநீளத்துக்கும் பார்த்துக்கொண்டு நடந்தேன். மூட்டுகள் இருந்தன, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் சுருங்கவும் செய்யும் சதுரக் குழாய்கள் இருந்தன. வளைவில் சக்கரங்கள் ஒருபக்கம் போக, உடம்பு வேறுபக்கம் போக, தண்டு இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ளும். இதைப் படமாக வரையச் சொன்னால் நான் மறுத்திருப்பேன்.

வழக்கமாக நெருப்புப் போடுகிறவருக்குக் காய்ச்சல், வரவில்லை. "மேலை போய் ஒரு பெட்டி மரம் எடுத்து வரவேணும். ஏறுங்கோ" என்றார். இருவர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்யக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஏறிவிட்டேன்.

அவர் சொன்னது உண்மைதான். சத்தத்துக்கு மலையே அதிர்ந்தது. நகர்வோ பக்கத்தில் பூத்திருந்த காளானை நிதானமாகப் பார்த்து, அது என்ன சாதி என்று யோசித்து முடிக்கும் அளவுக்கு மெதுவானது. பாதை ஓரிடத்தில் ஒருபக்கம் சாய்ந்தது. எஞ்சின் தன் இடுப்பை வளைத்துக் கடந்தது. தண்டவாளத்தில் ஈர இலைகள். ஒருமுறைகூடச் சக்கரம் வழுக்கவில்லை. நான் வருடக்கணக்கில் உணராத ஒன்றை உணர்ந்தேன். அது சந்தோஷமாக இருக்கலாம்.

அப்போதுதான் கல்லைக் கண்டேன். பாதையோரத்தில், பாசி பிடித்து, இருபக்கமும் வெவ்வேறு எழுத்து வெட்டிய பழைய எல்லைக்கல்.

"நிப்பாட்டுங்கோ" என்றேன்.

ஏற்றத்தின் நடுவில் எந்த எஞ்சினையும் யாரும் நிறுத்துவதில்லை. திரும்பக் கிளப்ப முடியாது. அவர் கைப்பிடியைத் தள்ளினார், இது நின்றது. வேர் விட்டதுபோல நின்றது.

"ஏன்?"

"அங்காலை வேறை மாவட்டம். எனக்கு அனுமதியில்லை."

அவர் காட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இஞ்சை மானும் பண்டியும்தான் நிக்குது. அதுகள் பத்திரம் கேளாது."

"கேட்கிறவை கேட்பினம்."

அவர் வாதாடவில்லை. "சரி, இறங்கி நில்லுங்கோ. திரும்பி வரேக்கை ஏத்திறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சின் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஏற்றத்தில் கிளம்பியது.

கல்லுக்கு இந்தப் பக்கத்தில் நின்றேன். மரங்களுக்குள் அது மறைந்தது, சத்தம் மட்டும் மிஞ்சியது. காடு எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு கிளை முறிவதும் சப்பாத்துச் சத்தமாகக் கேட்டது. வேட்டைக்காரன் சீருடை போடுவானா, வனக்காவலன் கைது செய்யலாமா என்று சட்டங்களை நினைவுபடுத்திக்கொண்டு நின்றேன். மேலே கேட்ட சத்தம்தான் துணை.

பிறகு அந்தச் சத்தத்தின் நடுவில் ஏதோ வெடித்தது. உடனே நீராவி பெரிதாகச் சீறியது. சீற்றம் அறுந்தது. எஞ்சினும் நின்றது.

நான் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டேன், காடு குரலைத் தின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன், அவர் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார் என்று. வெடித்தது என்னவாக இருக்கும் என்று என் மூளை கொழும்பில் வரைந்த படங்களைப் புரட்டியது. ஒவ்வொரு பக்கமும் முந்தியதைவிட மோசமாக இருந்தது. என் கால் கல்லைத் தாண்டியது எனக்குத் தெரியும். தெரியாமல் தாண்டினேன் என்று எந்த நீதிபதிக்கும் சொல்ல முடியாது. ஹனோவருக்குப் பிறகு இது இரண்டாவது என்று மனம் சொன்னது. ஓடினேன்.

அவர் தண்டவாளத்தின் அருகே இலைகளில் இருந்தார். வலது கையும் கன்னமும் சிவந்து, தோல் கழன்றிருந்தது. மூக்குக்கண்ணாடி கண்களைக் காப்பாற்றியிருந்தது. கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் வெடித்திருந்தது. பீறிட்ட கொதிநீருக்குள் கையை விட்டு அடைப்பைப் பூட்டியிருக்கிறார்.

"கை கிடக்கட்டும். தண்ணியைப் பாருங்கோ" என்றார். "சின்னக் குழாய் மூண்டு இருக்கு. நடுவிலை உள்ளதைத் திறவுங்கோ."

திறந்தேன். நீராவி வந்தது. தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. கீழ்க்குழாயில் தண்ணீர் வந்தது, அதுவும் துப்பித் துப்பி. தண்ணீர் நெருப்புப்பெட்டியின் கூரைக்குக் கீழே இறங்கினால் என்ன நடக்கும் என்று விளக்கும் படத்தை நானே ஒருமுறை நகல் எடுத்திருக்கிறேன். அந்தப் படத்தில் மனிதர் யாரும் வரையப்படவில்லை, வரைய ஒன்றும் மிஞ்சாது என்பதால். தண்ணீர் ஏற்றும் கருவியை எனக்குக் கடதாசியில் மட்டுமே தெரியும். முதலில் தண்ணீர், பிறகு நீராவி. முதல்தடவை எல்லாம் வெளியே கொட்டியது.

"மெல்ல" என்றார். "அது உங்களைவிடப் பயந்த சாமான். மெல்லத் திறவுங்கோ."

இரண்டாம்தடவை பிடித்தது. ஒரு மெல்லிய கீச்சொலியோடு தண்ணீர் உள்ளே போகத் தொடங்கியது. அந்த ஒலியைப்போல ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை.

"இப்ப விசிலை இழுங்கோ. நீட்டா இழுங்கோ. மேட்டுக்கு அங்காலை வனக்காவலற்றை வீடு."

ஒளிந்திருக்க வேண்டிய மாவட்டத்தில், மலை முழுவதும் கேட்கும் நீராவி விசிலின் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இழுத்தேன். நிறுத்தாமல் இழுத்தேன்.

வனக்காவலர் ஜீப்பில் வந்தார், பார்த்தார், திரும்பப் போய் ஃபோன் செய்தார். அம்புலன்ஸ் வந்தது. அதற்கு வழிகாட்டவும் காட்டுத் தடுப்புகளைத் திறக்கவும் அவர் முன்னால் போக வேண்டியிருந்தது. தூக்குக்கட்டிலில் படுத்தபடி அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார்.

"பொலிஸ் வருமாம். நீங்கள் இப்பவே கீழை போங்கோ. கல்லைத் தாண்டினால் சரி. நான் தனிய நிண்டனான் எண்டு சொல்லுறன்."

"நெருப்பு?"

அவருக்கும் தெரியும். நெருப்பை வெளியே கொட்ட முடியாது; சுற்றிலும் பிசின் ஊறிய சிராயும் சுள்ளியும். தானாக அடங்கும்வரை யாராவது தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். எரியும் கொதிகலனை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது ஒரு விதி. நான் இந்த மாவட்டத்தில் நிற்கக்கூடாது என்பது இன்னொரு விதி. எனக்குத் தெரிந்த எந்தச் சட்டப் புத்தகமும் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டதில்லை. கீழே போகும் பாதையைப் பார்த்தேன். கல் இங்கிருந்து தெரியவில்லை, ஆனால் அது இருக்கும் இடம் தெரியும். குழாயைத் திறந்து தண்ணீர் பார்த்தேன். மறுபடி பாதையைப் பார்த்தேன். அப்படியே நேரம் போயிற்று. தைரியம் என்று அதை யாரும் சொல்லக்கூடாது.

பொலிஸ்காரர் இளைஞர். காரைக் கீழே விட்டு நடந்து வந்ததால் மூச்சு வாங்கியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை; எஞ்சினைத்தான் பார்த்தார். ஒருபக்கம் சுற்றிவந்தார், மறுபக்கம் போனார். "ஏன் இது கோணலா இருக்கு?" என்றார்.

நான் என் அடையாளப் பத்திரத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இருக்கவில்லை. வெந்த கை, உடைந்த கண்ணாடி, அவ்வளவுக்குத்தான் வந்தவர். ஆனால் நீட்டிய பத்திரத்தை ஒரு பொலிஸ்காரர் வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினால் படிக்காமல் இருக்க முடியாது. தங்கும் மாவட்டத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. சிறைக்குப் போகும் பத்திரத்தைத் தானே எடுத்துக் கொடுக்க, மூன்று வருடம் அசூல் கேட்டுப் பழகியவனால்தான் முடியும்.

"நீங்கள் இஞ்சை நிக்கேலாது" என்றார், கிட்டத்தட்ட வருத்தத்தோடு.

"ஓம்."

அவர் நெருப்பைப் பார்த்தார், என் கையிலிருந்த நிலக்கரி அள்ளும் சவளைப் பார்த்தார். "நீங்கள்தான் இதுக்கு நெருப்புப் போடுறவரோ?"

இதைவிட நல்ல பொறியை அந்த நாட்டின் எந்த அலுவலகமும் வைத்ததில்லை. ஓம் என்றால் அனுமதியில்லாமல் வேலை செய்தேன். இல்லை என்றால் அனுமதியில்லாமல் சும்மா நின்றேன்.

"நான் அம்புலன்சிலை போன அம்மாவின்ரை விருந்தாளி" என்றேன். "நெருப்பு இன்னும் எரியுது. அணையிற வரைக்கும் என்னாலை போகேலாது. பிறகு எங்கை வரச் சொன்னாலும் வாறன்."

அவர் அதை அப்படியே எழுதினார். பிறகு ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து, நெருப்பு அணையும்வரை என்னோடு காத்திருந்தார். ஒரு சிகரெட் நீட்டினார். விசாரணையின் பகுதியோ என்று பயந்து வேண்டாம் என்றேன்.

மன்னார்ப் பெடியனுக்கு எல்லாம் சொன்னேன்.

"அண்ணை, அவன் பத்திரம் கேட்டவனோ?"

"இல்லை."

"கேளாமலே குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"எங்களுக்கு வகுப்பெடுக்கிற ஆள்" என்றான். பிறகு அந்த மாதம் முழுவதும் அதைப்பற்றி ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

விசாரணைக்கு ஹனோவர் போவதற்குப் பத்திரம் ஒழுங்காக இருந்தது. மூன்று பிரதி வைத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளனாக வந்தவன் அங்கே பல்கலைக்கழகத்தில் படித்த இந்தியத் தமிழ் மாணவன். என் தமிழ் அவனுக்குப் பாதிதான் விளங்கியது. நான் ஜேர்மனில் சொன்னால் அவனுக்கும் வசதி, ஆனால் விதிப்படி தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கொழும்பைப் பற்றிக் கேட்டார்கள். வாசலுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். பிறகு நீதிபதி இன்னொரு தாளைப் புரட்டினார். அலுமாரியில் பக்கத்தில் படுத்திருந்த தாள்.

"போன மாதம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு நீராவி எஞ்சினோடு நின்றீர்கள்."

மாணவன் அதை மொழிபெயர்க்க முன்பே "ஓம்" என்றேன்.

"பொலிஸ் வரும் என்று தெரிந்தும் நின்றீர்கள். ஏன் போகவில்லை?"

ஒரு வருடமாகப் பாடமாக்கிய வசனங்களில் இதற்குப் பதில் இல்லை. "கொதிகலனிலை நெருப்பு இருந்தது" என்றேன்.

மாணவன் என்னைப் பார்த்தான். "சார், அவ்ளோதானா? கொஞ்சம் எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க சார்."

"அவ்வளவுதான்."

நீதிபதி ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே பிடித்து, என் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் சொன்ன அதே குரலில், கொதிகலனில் நெருப்பு இருந்ததாக மனுதாரர் தெரிவிக்கிறார் என்று பதிந்தார். அதைப்பற்றி அங்கே ஒரு வழக்கும் இல்லை, அது வேறு நீதிமன்றத்துக்குரியது என்றும் சொன்னார். நம்புவதற்கு எனக்குப் பலமில்லை. பிறகு அவர் எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் வாசிக்கத் தொடங்கினார். எனக்கு நன்றாகத் தெரிந்த மொழி, ஒவ்வொரு சொல்லும் அகராதியில் பார்த்துப் படித்தது. ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாணவன் என் காதருகே குனிந்தான். "சார், கிடைச்சிடுச்சு சார். அசைலம் குடுத்துட்டாங்க. நீங்க இங்கேயே இருக்கலாம். சார், உட்காருங்க, உங்க முகம் சரியில்ல."

நீதிபதி இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும்போது உட்காருவது முறையல்ல என்று அவனுக்குச் சொன்னேன். முறை அதுதான். ஆனாலும் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். விட்டால் விழுந்துவிடுவேன் என்று.